நிலைத்து நிற்கும் பெரோவ்ஸ்கைட் நானோகம்பிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலை முடித்துவிட்டு ஆய்வுக்கு வரும் மாணவர்கள், கல்லூரிக் கருத்தரங்கு முடிந்ததும் மேடையருகே வந்து நிற்பவர்கள், வேறு துறையிலிருந்து ஆர்வத்தோடு எட்டிப் பார்க்கும் நண்பர்கள் என எல்லோரும் என்னிடம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். இடையில் நுழைபவர்கள் 4ஆம் கேள்வியை மட்டுமாவது முதலில் படித்துவிடுங்கள். மற்ற பதில்கள் பெரும்பாலும் அதைத்தான் சார்ந்திருக்கின்றன.

1. பெரோவ்ஸ்கைட் என்பது பூமியில் கிடைக்கும் கல்லா, ஆய்வகத்தில் செய்யும் ரசாயனமா?

முதலில் அது கல்லின் பெயர். 1839இல் யூரல் மலைத்தொடரில் கிடைத்த கால்சியம் டைட்டனேட் கனிமத்தை குஸ்தாவ் ரோஸ் ஆராய்ந்து, ரஷ்யக் கனிம ஆர்வலர் லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்குச் சூட்டினார். பின்னர் அந்தக் கனிமத்தின் அணு அடுக்கைக் கொண்ட எல்லாச் சேர்மங்களுக்கும் அதுவே குடும்பப் பெயராகிவிட்டது.

அடுக்கு எளிமையானது. நடுவில் ஓர் உலோக அயனி. அதைச் சுற்றி ஆறு எதிர்மின் அயனிகள் எண்முகியாக நிற்கின்றன. எண்முகிகள் முனையோடு முனை கோத்து முப்பரிமாணச் சட்டமாகின்றன. சட்டத்தின் இடைக்குழியில் ஒரு பெரிய நேர்மின் அயனி உட்காருகிறது. நாம் இங்கே பேசும் வகையில் உலோகம் ஈயம். சுற்றி நிற்பது குளோரைடு, புரோமைடு, அயோடைடு ஆகிய ஹாலைடுகளில் ஒன்று. குழியில் இருப்பது சீசியம், மெத்தில்அம்மோனியம் அல்லது ஃபார்மமிடினியம். சீசியம் ஈய ஹாலைடுகளுக்கு இந்த அடுக்கு உண்டு என்று கிறிஸ்டியன் மொல்லர் 1958இல் காட்டினார். மெத்தில்அம்மோனிய வகையை 1978இல் ஷ்டுட்கார்ட்டில் டீட்டர் வெபர் செய்தார். 2009இல் மியாசாகாவின் ஜப்பானியக் குழு அதைச் சூரிய மின்கலத்தில் வைத்து 3.8 சதவீதத் திறன் எடுத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

2. படலமாகப் பூசினாலே வேலை நடக்கிறதே, எதற்குக் கம்பியாக வளர்க்க வேண்டும்?

படலம் என்பது கோடிக்கணக்கான சிறு படிகமணிகள் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். மணிக்கும் மணிக்கும் இடையில் எல்லை இருக்கிறது. மின்னூட்டங்கள் சிக்குவதும் ஈரம் நுழைவதும் அயனிகள் நழுவி ஓடுவதும் பெரும்பாலும் அந்த எல்லைகளின் வழியாகத்தான். நன்றாக வளர்ந்த நானோகம்பியோ முனையிலிருந்து முனைவரை ஒற்றைப் படிகம். உள்ளே எல்லையே கிடையாது.

அளவையும் சொல்லிவிடுகிறேன். தலைமுடியின் தடிமன் சுமார் 80 மைக்ரோமீட்டர். 100 நானோமீட்டர் தடிமனுள்ள கம்பி அதில் 800இல் ஒரு பங்கு. நீளம் மட்டும் பல மைக்ரோமீட்டர் இருக்கும். இந்த ஒல்லியான நீண்ட வடிவத்துக்குள் ஒளி, குழாய்க்குள் நீர் ஓடுவதுபோல் வழிநடத்தப்படும். மின்னோட்டத்துக்கும் போக ஒரே திசைதான் இருக்கிறது. அதனால் ஒளியையும் மின்சாரத்தையும் ஒரே பொருளில் கையாளும் கருவிகளுக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது.

3. இதை வைத்து நிஜமாகவே என்ன செய்திருக்கிறார்கள்?

லேசர், ஒளியுணரி, ஒளி உமிழும் டையோடு, எக்ஸ் கதிரை ஒளியாக மாற்றும் திரை ஆகியவற்றைச் செய்திருக்கிறார்கள். லேசர்தான் முதலில் எல்லோரையும் அசத்தியது. கம்பியின் இரு தட்டையான முனைகளே கண்ணாடிகளாகி, ஒளியை முன்னும் பின்னும் எதிரொளித்துப் பெருக்குகின்றன. தனியாகக் கண்ணாடி வைக்கத் தேவையில்லை. 2015இல் விஸ்கான்சின்–மேடிசன், கொலம்பியா பல்கலைக்கழகங்களின் குழு சதுர சென்டிமீட்டருக்கு 220 நானோஜூல் என்ற மிகக் குறைந்த ஒளித்தூண்டலில் இந்தக் கம்பிகளை லேசராக்கிக் காட்டியது. சேர்மத்தில் ஹாலைடை மாற்றினால் லேசரின் நிறமும் மாறியது.

எனக்கு மிகவும் பிடித்தது 2020இல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷியோங் ஃபான் குழு செய்த செயற்கைக் கண். அதன் விழித்திரை அரைக்கோள வடிவம். ஃபார்மமிடினியம் ஈய அயோடைடு கம்பிகள் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 46 கோடி வீதம் அதில் செங்குத்தாக நிற்கின்றன. மனித விழித்திரையில் ஒளியுணர் செல்களின் அடர்த்தி சுமார் 1 கோடிதான். ஆனால் கம்பிகளிலிருந்து சமிக்ஞையை வெளியே கொண்டுவரும் நரம்புகள் திரவ உலோகம் நிரப்பிய மெல்லிய குழாய்கள். அவை தடிமனானவை என்பதால் அந்தக் கண் 100 புள்ளிகளை மட்டுமே பார்த்தது. கம்பி வளர்ப்பதில் அடைந்த தூரமும், இணைப்புக் கொடுப்பதில் இன்னும் போக வேண்டிய தூரமும் அந்த ஒரே கருவியில் தெரிகின்றன.

4. ‘நிலையான நானோகம்பி’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அப்படியென்றால் கெடவே கெடாதா?

இந்தத் துறையில் ‘நிலையானது’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ‘எதற்கு எதிராக?’ என்று திருப்பிக் கேட்கப் பழகுங்கள். ஒரு கம்பிக்கு எதிரிகள் பலர். ஒருவனைத் தடுக்கும் வேலி இன்னொருவனைத் தடுக்காது.

முதல் எதிரி ஈரம். மெத்தில்அம்மோனியம் ஈய அயோடைடு நீராவியை உள்வாங்கி நீரேறிய உப்பாக மாறி வெளுத்துப்போகும். ஈரம் கொஞ்சமாக இருந்தால் உலர்த்தி மீட்கலாம். கூடிவிட்டால் கரிம உப்பு கழன்று போய் மஞ்சள் ஈய அயோடைடு மட்டும் மிஞ்சும். இரண்டாவது வெப்பம். அதே சேர்மம் 85 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நெடுநேரம் இருந்தாலே கரிமப் பகுதியை வாயுவாக இழக்கத் தொடங்குகிறது. மூன்றாவது, ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து வருவது. தனித்தனியே வந்தால் தாங்குகிற கம்பி, ஒளி பட்டு எழுந்த எலக்ட்ரானை ஆக்சிஜன் பிடித்துக்கொண்டு சூப்பர்ஆக்சைடாக மாறும்போது தாங்குவதில்லை.

நான்காவது மின்புலம். ஹாலைடு அயனிகள் தம் இடத்தை விட்டு நகரக்கூடியவை. மின்னழுத்தம் கொடுத்தால் மெல்ல ஊர்ந்து ஒரு முனையில் குவிகின்றன. ஐந்தாவதாக, வெளியிலிருந்து எதுவும் வராமலேயே படிகம் தானாக வேறு அடுக்குக்கு மாறிவிடும் ஆபத்தும் உண்டு. அதை அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

இந்த ஐந்தில் பெரும்பாலானவற்றின் விடை கம்பி வளரும்போதே எழுதப்பட்டுவிடுகிறது என்பதே நான் திரும்பத் திரும்பச் சொல்வது. எந்த அயனியைக் குழியில் வைத்தோம், எவ்வளவு நிதானமாக வளர்த்தோம், வளர்ந்த கம்பியின் பக்கங்களில் என்ன இருக்கிறது என்பவைதான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. வளர்த்து முடித்த பிறகு மேலே எதையாவது பூசிக் காப்பாற்றிவிடலாம் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புகிறார்கள்.

5. நேற்று கருப்பாக இருந்த கம்பிகள் இன்று மஞ்சளாகிவிட்டன. ஈரமே படவில்லை. என்ன ஆயிற்று?

அயோடைடாக இருந்தால் அடுக்கு மாறியிருக்கிறது. ஃபார்மமிடினியம் ஈய அயோடைடுக்கு கருப்பு வடிவம் சுமார் 150 டிகிரிக்கு மேல்தான் இயல்பான நிலை. சீசியம் ஈய அயோடைடுக்கு 300 டிகிரிக்கும் மேல். அறை வெப்பநிலையில் இரண்டும் ஓய்ந்து உட்கார விரும்புவது மஞ்சள் வடிவத்தில். அதில் எண்முகிகள் முனை கோத்து நிற்பதில்லை. விளிம்போடோ முகத்தோடோ ஒட்டிச் சங்கிலிகளாகிவிடுகின்றன. அது பெரோவ்ஸ்கைட்டே இல்லை. ஒளியுணர்வும் மிகக் குறைவு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மஞ்சள் வடிவம் சங்கிலியாக இருப்பதால் அதுவாகவே ஊசியாகவும் கம்பியாகவும் வளர விரும்பும். அதனால் சீசியம் ஈய அயோடைடு வளர்க்கும்போது மிக அழகான, மிக நீளமான கம்பிகள் கிடைத்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். நிறத்தைப் பாருங்கள். ஈரம் படவில்லை என்று கேள்வியில் இருக்கிறது. காற்றில் இருக்கும் சிறிதளவு நீராவியே இந்த மாற்றத்தை முடுக்கிவிடப் போதும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. அப்படியானால் எந்தச் சேர்மத்தில் தொடங்கினால் நல்லது?

சீசியம் ஈய புரோமைடில் தொடங்குங்கள். அறை வெப்பநிலையிலும் அது பெரோவ்ஸ்கைட்டாகவே இருக்கும். கழன்று ஓடக் கரிமப் பகுதி கிடையாது. உருகுநிலை 567 டிகிரி. பச்சை ஒளி தரும். 2016இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பெய்டோங் யாங் குழு இந்தக் கம்பிகளைத் துடிப்பு லேசரால் 1 மணி நேரத்துக்கு மேல், அதாவது சுமார் 100 கோடி துடிப்புகள் வரை, தொடர்ந்து தூண்டியும் அவை லேசராகவே ஒளிர்ந்தன. காற்றில் வைத்தபோதும் நிற்கவில்லை.

ஏன் ஒன்று நிலைக்கிறது, இன்னொன்று நிலைப்பதில்லை என்பதற்கு 1926இல் கோல்ட்ஷ்மிட் கொடுத்த ஒரு எளிய கணக்கு இன்றும் உதவுகிறது. குழியின் அளவும் அதில் உட்காரும் அயனியின் அளவும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதை அது ஓர் எண்ணாகச் சொல்கிறது. ஏறத்தாழ 0.8க்கும் 1க்கும் இடையில் இருந்தால் அடுக்கு நிற்கும். அயோடைடுச் சட்டத்தில் மெத்தில்அம்மோனியத்துக்கு 0.91 வருகிறது. நடுவில் இருப்பதால் பொருந்துகிறது. ஃபார்மமிடினியத்துக்கு 0.99 வருவதால் குழிக்கு அது சற்றுப் பெரியது. சீசியத்துக்கு 0.85 வருவதால் சற்றுச் சிறியது. பெரியதையும் சிறியதையும் கலந்து வைத்தால் சராசரி நடுவுக்கு வரும். ஃபார்மமிடினியத்தோடு கொஞ்சம் சீசியம் அல்லது மெத்தில்அம்மோனியம் சேர்ப்பதும், அயோடைடோடு கொஞ்சம் புரோமைடு சேர்ப்பதும் இதற்காகத்தான். சிவப்போ அகச்சிவப்போ வேண்டுமென்றால் இந்தக் கலவைகளுக்குப் போகத்தான் வேண்டும். அதற்கு முன் புரோமைடில் கை பழகட்டும்.

7. ஒரு கண்ணாடித் துண்டைக் கரைசலில் முக்கி வைத்தால் கம்பி முளைக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இதைவிட எளிய முறை கிடையாது. சீசியம் ஈய புரோமைடுக்கு ஈய அயோடைடுப் படலம் பூசிய கண்ணாடியை, சீசியம் புரோமைடு கரைந்த மெத்தனாலில் 50 டிகிரி அளவில் பல மணி நேரம் வைக்க வேண்டும். மெத்தில்அம்மோனிய வகைக்கு ஈய அசிட்டேட்டுப் படலம் பூசிய கண்ணாடியை, மெத்தில்அம்மோனியம் அயோடைடு கரைந்த ஐசோபுரோப்பனாலில் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய ஒரு நாள் வைக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவு உப்பு இருக்கலாம்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெண்மையான ஈய அசிட்டேட்டுப் படலம் கரைசலைத் தொட்டதும் பழுப்பேறி இருண்டுவிடும். அதோடு முடிந்துவிட்டது என்று முதல் முறை செய்பவர்கள் கண்ணாடியை வெளியே எடுத்துவிடுகிறார்கள். அப்போது நடந்திருப்பது மேற்பரப்பு மாற்றம் மட்டுமே. படலம் இருந்த இடத்திலேயே பெரோவ்ஸ்கைட் மேலோடாகிறது. கம்பி அதன் பிறகுதான் வரும். கரைசலில் இருக்கும் மிகுதியான அயோடைடு, ஈயத்தை அணைவு அயனியாக மெல்ல மெல்லக் கரைத்து எடுத்து, வேறிடத்தில் படிகமாகத் திரும்ப வைக்கிறது. மறுநாள் காலையில் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடியின் மேல் மெல்லிய பூனைமயிர் படர்ந்ததுபோல் ஒரு மினுமினுப்புத் தெரியும். அதுதான் கம்பி.

உப்பு குறைவாக இருந்தால் முதல் கட்டத்திலேயே நின்றுவிடும் என்பதைக் கவனியுங்கள். ‘கம்பி வரவில்லை, நீர்த்த கரைசலாக்கிப் பார்க்கலாம்’ என்று உப்பைக் குறைப்பவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள். எடுத்தபின் சுத்தமான ஐசோபுரோப்பனாலில் ஒரு முறை அலசி, நைட்ரஜன் ஊதி உலர்த்துங்கள். தண்ணீர் கிட்டேயே வரக்கூடாது.

8. படிகத்தின் மூன்று பக்கமும் ஒரே மாதிரி. பிறகு ஏன் ஒரு பக்கம் மட்டும் நீளுகிறது?

மாணவர்கள் கேட்டதிலேயே சிறந்த கேள்வி இது. கனசதுர அடுக்குக்கு எந்தத் திசையும் பிரியமான திசை இல்லை. அதனால் நீட்சிக்கு வேறொரு காரணம் வேண்டும். மேலே சொன்ன மெதுவான கரைசல் முறையில் அந்தக் காரணம் திருகுப் பிறழ்வு என்று கருதப்படுகிறது. படிகத்தின் நடுவில் அணுத்தளங்கள் சுழல் படிக்கட்டுபோல் ஒரு படி விலகி நிற்கும். அந்தப் படியின் விளிம்பில் புதிய அணுக்கள் ஒட்டுவது எளிது. ஒட்ட ஒட்டப் படிக்கட்டு சுழன்று மேலே போகுமே தவிர, ஒருபோதும் தீர்ந்துபோகாது. வழவழப்பான பக்கச் சுவர்களில் புது அடுக்கு தொடங்க அதைவிட அதிக உந்துதல் தேவை. ஆகவே கரைசல் சற்றே மட்டும் மீதெவிட்டிய நிலையில் (இயல்பாகக் கரையும் அளவைவிட அதிகம் கரைந்திருக்கும் நிலையில்) இருந்தால் நுனி மட்டும் வளரும், பக்கங்கள் காத்திருக்கும்.

மற்ற முறைகளில் காரணம் வேறு. அடித்தளப் படிகம் திசை காட்டலாம், உலோகத்துளி முன்னால் நின்று இழுக்கலாம், துளையின் சுவரே வடிவம் கொடுக்கலாம், ஈனிகள் (மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகள்) பக்கங்களை மூடலாம்.

9. எனக்குக் கம்பிக்குப் பதில் தட்டுகளும் கட்டிகளும்தான் வருகின்றன.

கரைசல் அவசரப்படுகிறது என்று பொருள். மீதெவிட்டல் கூடினால் பக்கச் சுவர்களிலும் அடுக்கு தொடங்கித் தட்டாகும். இன்னும் கூடினால் எங்கு பார்த்தாலும் புதிய படிகக் கருக்கள் தோன்றிப் பொடியாகும். ஈயப் படலம் மிகத் தடிமனாக இருப்பது, கரைசலை நடுவில் ஆட்டுவது, மூடி சரியாக மூடாமல் கரைப்பான் ஆவியாவது ஆகிய மூன்றும்தான் நான் பார்த்த வழக்கமான குற்றவாளிகள். வெப்பநிலை இரவில் விழுந்து பகலில் ஏறும் அறையும் அப்படியே. பாத்திரத்தைத் தொடாமல் விடுங்கள்.

10. சூடான எண்ணெயில் ஊசியால் செலுத்திச் செய்யும் முறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அது மிக மெல்லிய கம்பிகளுக்கான வழி. ஒலியிக் அமிலம், ஒலைல்அமீன் போன்ற ஈனிகள் கலந்த, கொதிநிலை உயர்ந்த கரைப்பானில் ஈய புரோமைடைக் கரைத்து, 150 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சீசியம் ஒலியேட்டைச் சட்டென்று செலுத்துவார்கள். பெர்க்லி குழு 2015இல் இதைச் செய்தபோது காலத்தோடு வடிவம் மாறியதைப் பதிவு செய்தது. தொடக்கத்தில் சிறு கனசதுரங்களும் பிறகு தகடுகளும் தெரிந்தன. 90 நிமிடம் அளவில் ஒரே சீரான கம்பிகள். 180 நிமிடம் விட்டால் அவை கரைந்து பெரிய படிகங்களாகிவிட்டன. எனவே கடிகாரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டிய முறை இது.

கிடைக்கும் கம்பி சுமார் 12 நானோமீட்டர் தடிமன். அந்த மெல்லிய தடிமனுக்காக நாம் இழப்பதை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுக்கின் ஓர் அலகு ஏறத்தாழ 0.6 நானோமீட்டர். 12 நானோமீட்டர் கம்பியில் வெளிப்புற ஓர் அடுக்கிலேயே மொத்தப் பொருளின் 19 சதவீதம் இருக்கும். 100 நானோமீட்டர் கம்பியில் அது 2.4 சதவீதம்தான். மெல்லிய கம்பி மேற்பரப்பாகவே வாழ்கிறது. அந்த மேற்பரப்பைப் பிடித்திருக்கும் ஈனிகள் உறுதியாக ஒட்டியிருப்பவை அல்ல. மாறி மாறி ஒட்டி விலகுபவை. அளவுக்கு மீறி அலசினால் அவை போய்விடும், பின்னாலேயே ஒளிர்வும் போய்விடும். அலசாமல் விட்டால் மின்சாரம் போகாது. இந்த இழுபறியில்தான் பலருடைய ஆண்டுகள் கழிகின்றன.

11. ஆவி முறை எப்போது தேவைப்படும்?

கம்பிகள் எல்லாம் ஒரே திசையில், கருவி செய்ய வசதியாகப் படுத்திருக்க வேண்டும் என்றால். குழாய் உலையில் சீசியம் புரோமைடையும் ஈய புரோமைடையும் ஆவியாக்கி, மைக்கா அல்லது நீலக்கல் தகட்டின் மேல் படியவைப்பார்கள். தகட்டின் அணு வரிசையும் கம்பியின் அணு வரிசையும் பொருந்தும் திசையில் மட்டும் கம்பி ஓடும். சூடாக்கிப் பதப்படுத்திய நீலக்கல்லின் மேற்பரப்பில் நானோ அளவுப் பள்ளங்கள் வரிவரியாகத் தோன்றும். ஏர் உழுத சாலில் நீர் ஓடுவதுபோல் கம்பிகள் அந்தப் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனமும் சீனாவின் ஹூனான் பல்கலைக்கழகமும் இதை அழகாகச் செய்து காட்டியிருக்கின்றன.

கரைப்பான் எச்சம் இல்லை, ஈனி இல்லை, படிகத் தரம் உயர்வு. உலை, வெற்றிடம், வெப்பநிலைச் சரிவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் செலவுதான் தடை.

12. அலுமினாத் துளைக்குள் வளர்த்தால் ஆயுள் கூடும் என்பது எப்படி?

என் பார்வையில் 4ஆம் கேள்விக்கு இன்றுவரை கிடைத்த மிக நேர்மையான பதில் இதுதான். அலுமினியத் தகட்டை அமிலத்தில் மின்முனையாக வைத்தால், அதன் மேல் தேன்கூடுபோல் ஒழுங்கான துளைகளோடு அலுமினா வளரும். துளையின் விட்டத்தைச் சில நானோமீட்டரிலிருந்து சில நூறு வரை நாமே முடிவு செய்யலாம். துளையின் அடியில் மின்முலாம் முறையில் ஈயத்தை வைத்து, மேலிருந்து உப்பின் ஆவியை அனுப்பினால், ஈயம் அடியிலிருந்து பெரோவ்ஸ்கைட்டாக மாறித் துளையை நிரப்பிக்கொண்டு மேலே எழும்.

இப்போது ஒவ்வொரு கம்பியும் தன் சொந்த அறைக்குள் இருக்கிறது. பக்கவாட்டில் நீரோ ஆக்சிஜனோ வர முடியாது. திறந்திருப்பது மேல்முனை மட்டுமே. அயனிகள் அடுத்த கம்பிக்குத் தாவ முடியாது. மெல்லிய துளையில் படிகம் இன்னோர் அடுக்குக்கு மாறுவதும் கடினமாகிறது. ஃபான் குழு 2022இல் மிக மெல்லிய துளைகளுக்குள் வளர்த்த கம்பிகளை 4 அங்குலத் தகடு முழுவதும் ஒளிர வைத்தது. காற்றில் வைத்தே ஒளிர்வு பாதியாகக் குறைய 5,644 மணி நேரம் ஆனது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இதே உத்தியை எக்ஸ் கதிர்த் திரைக்குப் பயன்படுத்துகிறார்கள். கம்பி வழியாகவே ஒளி இறங்குவதால் படம் மங்குவதில்லை. வேலியும் வளர்ப்பும் இங்கே ஒரே செயலாகிவிட்டதைப் பாருங்கள்.

13. எங்கள் கல்லூரி சென்னையில் இருக்கிறது. கையுறைப் பெட்டி (ஈரமும் ஆக்சிஜனும் புகாத, கையுறை வழியாக வேலை செய்யும் மூடிய பெட்டி) இல்லை. முயற்சி செய்யலாமா?

செய்யுங்கள், ஆனால் கட்டுரைகளில் வரும் ஈரப்பத சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 20 டிகிரி அறையில் 40 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 7 கிராம் நீர். 30 டிகிரியில் 70 சதவீதம் என்றால் சுமார் 21 கிராம். மும்மடங்கு. ‘சாதாரணக் காற்றில் செய்தோம்’ என்று குளிர்நாட்டு ஆய்வாளர் எழுதும் காற்று வேறு, நம் கடற்கரைக் காற்று வேறு.

சீசியம் ஈய புரோமைடை 7ஆம் பதிலில் சொன்ன முறையில் செய்தால் கையுறைப் பெட்டி இல்லாமலே பழகலாம். கரைப்பானைப் புதிதாகத் திறந்து பயன்படுத்துங்கள். மெத்தனாலும் ஐசோபுரோப்பனாலும் திறந்த பாட்டிலில் நாள்தோறும் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உப்புகளை சிலிகா ஜெல் வைத்த உலர்கலத்தில் வையுங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். ஒரு முறை குளிர் ஆறாத குப்பியைத் திறந்துவிட்டோம். உள்ளே பனிபோல் நீர் படிந்து, அந்த வாரம் வளர்ந்த கம்பிகள் முழுவதும் நுனியிலிருந்து வெளுத்துப் போயின. காரணம் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று.

14. மின்நுண்ணோக்கிப் படத்தில் கம்பி தெளிவாகத் தெரிகிறது. அது போதாதா?

போதாது. படம் வடிவத்தைச் சொல்லும், பொருளைச் சொல்லாது. 5ஆம் பதிலில் சொன்ன மஞ்சள் கம்பியும் படத்தில் அதே அழகோடுதான் இருக்கும். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு (படிகத்தில் பட்ட எக்ஸ் கதிர் எந்தக் கோணங்களில் வெளிவருகிறது என்று அளக்கும் சோதனை) கட்டாயம் வேண்டும். தாமிரத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரில் கருப்பு ஃபார்மமிடினியம் ஈய அயோடைடின் உச்சம் 14 டிகிரிக் கோணத்தை ஒட்டி வரும். மஞ்சள் வடிவம் 11.8இல் காட்டிக்கொடுக்கும். ஈய அயோடைடு எஞ்சியிருந்தால் 12.7இல் தலைகாட்டும். அதோடு ஒளிர்வு நிறமாலையும் எடுங்கள். சீசியம் ஈய புரோமைடு 520–530 நானோமீட்டர் பகுதியில் ஒற்றை உச்சமாக ஒளிர வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கை: எலக்ட்ரான் கற்றையே இந்தப் படிகங்களைக் கெடுக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பியின் மேல் கருப்புப் புள்ளிகள் முளைத்தால் அவை பெரும்பாலும் கற்றை உருவாக்கிய ஈயத் துகள்கள். குறையைக் கம்பியின் மேல் போடாதீர்கள். ஒளி அளவீடுகளை முதலில் முடித்துவிட்டுக் கடைசியில் நுண்ணோக்கிக்குப் போங்கள்.

15. மின்முனை வைக்கும்போதுதான் எல்லாம் பாழாகிறது. வேறு வழி உண்டா?

சிலிக்கானுக்குப் பழகிய அச்சுமுறைகள் நீரையும் அசிட்டோன் போன்ற கரைப்பான்களையும் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. இங்கே அவை நஞ்சு. மின்முனையை முதலிலேயே தகட்டில் செய்துவிட்டு, கம்பியைப் பிறகு அதன்மேல் வைப்பது அல்லது வளர்ப்பது பாதுகாப்பானது. மெல்லிய மறைதகடு வைத்துத் தங்கத்தை ஆவியாகப் படியவைப்பதும் சரியே.

16. மேலே பாலிமர் பூசி மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததல்லவா?

ஈரத்துக்கும் ஆக்சிஜனுக்கும் எதிராக உதவும். வெப்பத்துக்கும் அயனி நகர்வுக்கும் அடுக்கு மாற்றத்துக்கும் எதிராகப் பூச்சு ஒன்றும் செய்யாது. பூச்சின் கரைப்பானே கம்பியைத் தின்றுவிடும் ஆபத்தும் இருக்கிறது. நல்ல கம்பிக்குப் பூச்சு துணை. கெட்ட கம்பிக்கு அது கெடுவதை மறைக்கும் திரை.

17. புரோமைடையும் அயோடைடையும் கலந்து வேண்டிய நிறம் எடுத்தேன். லேசர் பட்டதும் நிறம் சிவப்புக்கு ஓடுகிறது. ஏன்?

ஒளி படும்போது கலந்திருந்த ஹாலைடுகள் பிரிந்து அயோடைடு மிகுந்த சிறு தீவுகள் உருவாகின்றன. அங்கே ஆற்றல் இடைவெளி குறைவு என்பதால் மின்னூட்டங்கள் எல்லாம் அங்கேயே ஓடி ஒளிர்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் ஹோக் உள்ளிட்டவர்கள் இதை 2015இல் விவரித்தார்கள். இருட்டில் வைத்தால் மீண்டும் கலந்துவிடும் என்பது இதன் விந்தை. எல்லையில்லாத ஒற்றைப் படிகக் கம்பியில் இந்தப் பிரிவினை மெதுவாகும், அவ்வளவுதான்.

இதே நகர்வைப் பயனாகவும் திருப்பலாம். சீசியம் ஈய புரோமைடு கம்பியை அயோடைடுக் கரைசலில் வைத்தால் வடிவம் கலையாமல் உள்ளே ஹாலைடு மட்டும் மாறிச் சிவக்கும். 5ஆம் பதிலின் மஞ்சள் பொறியைத் தாண்டி அயோடைடுக் கம்பி எடுக்க இது ஒரு குறுக்குவழி. கம்பியின் ஒரு பகுதியை மட்டும் மூடி வைத்து மற்றப் பகுதியை மாற்றினால் ஒரே கம்பியில் இரண்டு நிறம். பெர்க்லியில் 2017இல் செய்து காட்டினார்கள். ஆனால் நகர்ந்தது மறுபடியும் நகரும். அந்த எல்லைக்கோடு எத்தனை நாள் கூர்மையாக இருக்கும் என்பதையும் சேர்த்து அளந்து சொல்ல வேண்டும்.

18. என் ஒளியுணரி வாட்டுக்கு 10,000 ஆம்பியர் காட்டுகிறது. விழுந்த ஒளியைவிட அதிக மின்சாரம் எப்படி வரும்?

பச்சை ஒளியில் ஒவ்வொரு ஒளித்துகளும் ஓர் எலக்ட்ரானைத் தந்தால் வாட்டுக்குச் சுமார் 0.43 ஆம்பியர்தான் வர வேண்டும். மிஞ்சியது பெருக்கம். ஒளி உண்டாக்கிய எதிர், நேர் மின்னூட்ட இணையில் ஒன்று படிகக் குறைபாட்டில் சிக்கி நிற்க, மற்றது மின்முனைகளுக்கிடையே பல முறை சுற்றி வருகிறது. சிக்கியது விடுபடும்வரை ஓட்டம் நிற்காது. ஆகவே பெரிய எண் வரும்போதெல்லாம் கருவி மெதுவாக அணைகிறதா என்று பாருங்கள். மெத்தனமான உணரியைப் படக்கருவிக்குப் பயன்படுத்த முடியாது. அயனி நகர்வும் இதே போன்ற மெதுவான ஓட்டத்தைக் காட்டும் என்பதால், மின்னழுத்தத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் தனித்தனியே அளந்து இரண்டு கோடுகளும் ஒன்றா என்று பாருங்கள். கரிம அடுக்குகளை இடையிடையே வைத்த பெரோவ்ஸ்கைட் கம்பிகளில் 2018இல் இதைவிடப் பெரிய எண்ணையே சீனக் குழு எட்டியது. அங்கே கரிம அடுக்குகள் இருட்டில் ஓடும் மின்னோட்டத்தை நன்றாக அடக்கியதுதான் பாராட்ட வேண்டியது.

19. ஈயம் இருக்கிறதே, இதைப் பொருளாக விற்க விடுவார்களா?

ஐரோப்பிய விதி மின்னணுச் சாதனத்தின் ஒருபடித்தான ஒவ்வொரு பொருளிலும் ஈயத்தை 0.1 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. பெரோவ்ஸ்கைட்டைத் தனியே எடுத்தால் அதைத் தாண்டிவிடும். ஈயத்துக்குப் பதில் டின் வைத்தால், அது காற்றில் ஈரிணைதிறன் நிலையிலிருந்து நான்கிணைதிறன் நிலைக்கு விரைவாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. பிஸ்மத் வகைகள் உறுதியானவை, ஆனால் ஒளித்தரத்தில் ஈயத்துக்கு ஈடாகவில்லை.

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நெருங்கிய விஷயம். ஈய அசிட்டேட் நீரில் எளிதில் கரையும் நஞ்சு. டைமெத்தில்ஃபார்மமைடு போன்ற கரைப்பான் தோல் வழியே அதையும் இழுத்துக்கொண்டு போகும். கையுறை, நச்சுப்புகை உறிஞ்சும் பெட்டி, தனிக் கழிவுப் பாத்திரம் இல்லாமல் தொடாதீர்கள். கழிவைக் கழுவுதொட்டியில் ஊற்றும் பழக்கம் அறவே கூடாது.

20. ஒரு கட்டுரை ‘1,000 மணி நேரம் நிலையானது’ என்கிறது, இன்னொன்று ‘ஆறு மாதம்’ என்கிறது. ஆறு மாதம்தானே பெரிது?

ஆறு மாதம் சுமார் 4,400 மணி நேரம். எண் பெரிதுதான். ஆனால் கம்பி அந்த ஆறு மாதமும் எங்கே இருந்தது? இருட்டில், உலர்ந்த பெட்டியில், மின்னழுத்தம் இல்லாமல் இருந்திருந்தால் 4ஆம் பதிலில் சொன்ன, வெளியிலிருந்து வரும் எதிரிகளில் ஒருவரையும் அது சந்திக்கவில்லை. சூரிய மின்கலத் தகடுகளுக்கு 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதத்தில் 1,000 மணி நேரம் என்றொரு கடுமையான சோதனை உண்டு. பெரோவ்ஸ்கைட் மின்கல ஆய்வாளர்களும் 2020இல் கூடி, இருட்டு, ஒளி, வெப்பம், சுழற்சி என நிபந்தனைகளைப் பிரித்து எழுதும் முறையை ஒப்புக்கொண்டார்கள். கம்பிக் கருவிகளுக்கு அந்த அட்டவணையையே கடன் வாங்கிப் பயன்படுத்தலாம் என்று என் மாணவர்களிடம் சொல்கிறேன்.

கட்டுரையைப் படிக்கும்போது ஒளி, வெப்பநிலை, ஈரம், மின்னழுத்தம் என்ற நான்கையும் ஓரத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கொடுத்திருக்கும் மதிப்பை நிரப்புங்கள். எத்தனை கம்பிகளை அளந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். நூறு கம்பிகளில் ஒன்று பிழைத்ததா, தொண்ணூறு பிழைத்தனவா என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.